வலி எனக்கு, ஸ்கேன் குழந்தைக்கு

அப்போது எனக்கு 22 வாரம். முதல் குழந்தை. ஒரு திங்கட்கிழமை ராத்திரி தொப்புளைச் சுற்றி மந்தமாக ஒரு வலி தொடங்கியது. பிசையும், கொஞ்சம் குறையும், மறுபடி பிசையும். கர்ப்பிணிக்கு வயிறு வலித்தால் சொல்வதற்குக் காரணங்களா இல்லை? கேஸ், மலச்சிக்கல், கருப்பையைத் தாங்கும் நாண்கள் இழுபடுவது, சூட்டு வலி. ஆளுக்கொரு பேர் சொன்னார்கள். நானும் ஒவ்வொரு பேரையும் நம்பினேன். வெள்ளிக்கிழமை நள்ளிரவில் சிடி ஸ்கேன் எடுத்த பிறகுதான் விஷயம் தெரிந்தது. குடலிலிருந்து ரத்தத்தைத் திரும்ப எடுத்துப் போகும் பெரிய சிரைக்குள் ரத்தம் உறைந்து அடைத்திருந்தது.

இது மிக அரிது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கர்ப்பக் காலத்திலும் பிரசவத்தை ஒட்டியும் சிரைகளில் ரத்தம் உறைவதே ஆயிரத்தில் ஒருவர் அல்லது இருவருக்குத்தான். அவர்களிலும் பெரும்பாலோருக்குக் காலில்தான் வரும், அதிலும் இடது காலில். வயிற்றுக்குள் வருவது சொற்பத்திலும் சொற்பம். ஆகவே வயிறு வலிக்கும் ஒவ்வொருவரும் இதை நினைத்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் என்னுடைய ஐந்து நாட்களில் எங்கெங்கே நேரம் வீணானது என்று இப்போது திரும்பிப் பார்க்கும்போது, அதில் பாதியாவது மிச்சப்படுத்தக்கூடியதாக இருந்தது என்று தோன்றுகிறது.

செவ்வாய்க்கிழமை டாக்டரிடம் போனேன். அமிலத்துக்கு மாத்திரை கொடுத்தார்கள். புதன்கிழமை சிறுநீர் பரிசோதனையில் லேசாகச் சீழ் அணுக்கள் தெரிந்தன, கிருமித்தொற்று என்று ஆன்டிபயாட்டிக் ஆரம்பித்தார்கள். அன்றுதான் ஒன்றைக் கவனித்தேன். சாப்பிட்டு அரை மணி நேரத்துக்குள் வலி கூடியது. அதனால் சாப்பிடுவதையே குறைத்துக்கொண்டேன். வீட்டில் அதை மசக்கையின் மிச்சம் என்று நினைத்தார்கள். அப்படி நினைத்ததற்குக் காரணமும் உண்டு. முதல் நான்கு மாதம் எனக்கு வாந்தி ஓயவே இல்லை. உடம்பில் நீர் வற்றிப் போய் இரண்டு முறை ட்ரிப்ஸ் ஏற்றியிருந்தார்கள். அந்த நீர்வறட்சியும் பிறகு ரத்தம் உறைய ஒரு கையாக உதவியிருக்கும் என்று அப்போது யாருக்கும் தெரியாது.

வியாழக்கிழமை வாந்தி மறுபடி தொடங்கியது. பயந்து போய் ஸ்கேன் எடுத்தோம். "ஹார்ட் பீட் நல்லா இருக்கு, தண்ணி அளவு சரியா இருக்கு, கர்ப்பப்பை வாய் மூடித்தான் இருக்கு. ஒண்ணும் பயப்படாதீங்க" என்றார்கள். நானும் என் கணவரும் அங்கேயே அழுதுவிட்டோம், அவ்வளவு நிம்மதி. அம்மாவுக்கு போன் போட்டு "குழந்தை நல்லா இருக்கும்மா" என்றேன். ஒரு வலி ஊசி போட்டு அனுப்பினார்கள். வீடு வந்து சேர்வதற்குள் வலி திரும்பிவிட்டது. ஆனால் அதற்குப் பிறகு "வலிக்குது" என்று சொல்லவே எனக்குக் கூச்சமாகிவிட்டது. குழந்தைதான் நன்றாக இருக்கிறதே, இன்னும் என்ன என்று எனக்கே தோன்றியது.

நான் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்ப்பது அந்த ஸ்கேனைத்தான். அதில் யாரும் தவறு செய்யவில்லை. குழந்தை எப்படி இருக்கிறது என்று அது பார்த்தது, உள்ளதைச் சொன்னது. என் குடலையோ, கல்லீரலையோ, அங்கே போகும் ரத்தக் குழாய்களையோ அது பார்க்கவே இல்லை. குழந்தையைப் பார்க்கும் ஸ்கேனும் அம்மாவின் வயிற்றைப் பார்க்கும் ஸ்கேனும் வேறு வேறு என்பதே அன்று எனக்குத் தெரியாது. வயிறு ஒன்றுதானே என்று நினைத்தேன். இப்போது தெரிந்தவர்கள் யாராவது கர்ப்பத்தில் வயிற்று வலி என்று ஸ்கேன் எடுத்துவிட்டு வந்தால், "உன் வயித்தையும் பார்த்தாங்களா, குழந்தையை மட்டும் பார்த்தாங்களா?" என்றுதான் முதலில் கேட்கிறேன்.

இன்னொன்று, நான் வலியைச் சொன்ன விதம். மூன்று முறையும் டாக்டர் முன்னால் உட்கார்ந்து "கொஞ்சம் வலி இருக்கு டாக்டர்" என்றேன். இரண்டு ராத்திரி கண்ணே மூடாதவள் "கொஞ்சம்" என்று சொன்னேன். நான் சொல்லியிருக்க வேண்டியது வேறு. நாலு நாளாக வலி ஒரு தடவைகூட முழுசாக விடவில்லை. சாப்பிட்டால் கூடுகிறது. எந்தப் பக்கம் புரண்டு படுத்தாலும் அடங்கவில்லை. மோஷன் போனாலும், வாயு பிரிந்தாலும் குறையவில்லை. வலி ஊசி போட்டும் மறுபடி வந்துவிட்டது. நாண் இழுபடும் வலி என்றால் திரும்பும்போதோ எழும்போதோ சுருக்கென்று வந்து, சற்று நேரம் அசையாமல் இருந்தால் போய்விடும். கருப்பை இறுகும் வலி என்றால் வயிறு கல்லாகி, பிறகு தளரும். கேஸ் என்றால் பிரிந்ததும் லேசாகும். என் வலி இதில் எதிலும் சேராது. அதை நான் ஒருமுறை கோர்வையாகச் சொல்லியிருந்தால் கேட்டவர்கள் வேறு மாதிரி யோசித்திருப்பார்கள் என்றே நம்புகிறேன்.

வெள்ளிக்கிழமை மாலை நிற்க முடியவில்லை. பெரிய மருத்துவமனை ஒன்றின் அவசரப் பிரிவுக்குப் போனோம். மகப்பேறு டாக்டர் பார்த்துவிட்டு அறுவை சிகிச்சைப் பிரிவிலிருந்து ஒருவரை வரச் சொன்னார். வந்தவர் என்னைவிடச் சின்னவராக இருப்பார். வயிற்றில் கை வைத்து நான்கு பக்கமும் மெதுவாக அழுத்தினார்.

"நான் அழுத்தினா வலி கூடுதாம்மா?"

"இல்லை டாக்டர். அழுத்தினாலும் அதே வலிதான், அழுத்தலைன்னாலும் அதே வலிதான்."

கையை எடுக்காமல் கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வெளியே போய் போனில் யாருடனோ பேசினார். என் உயிர் தப்பியது அந்த ஒரு நிமிஷத்தில்தான். குடல்வால் அழற்சி போன்றவற்றில் தொட்டாலே ஆள் துள்ளுவார். குடலின் ரத்தக் குழாய் அடைத்தால் ஆரம்பத்தில் வயிறு மெத்தென்று இருக்கும், ஆனால் ஆள் வலியில் துடிப்பார். கைக்குத் தெரிவதற்கும் நோயாளி படும் பாட்டுக்கும் பொருத்தமே இருக்காது. அந்தப் பொருத்தமின்மைதான் துப்பு. கர்ப்பத்தில் இது இன்னும் குழப்பும். வளர்ந்த கருப்பை வயிற்றுச் சுவரைக் குடலிலிருந்து தள்ளித் தூக்கிப் பிடிப்பதால், உள்ளே அழற்சி இருந்தாலும் வெளியே வயிறு இறுகாமல் இருக்கலாம்.

ரத்தப் பரிசோதனைகளும் கைகொடுக்கவில்லை. வெள்ளை அணுக்கள் 14,000 இருந்தன. கர்ப்பத்தில் அது இயல்பாகவே அந்த அளவுக்கு ஏறும். ரத்தம் உறைவதைக் காட்டும் டி-டைமரும் சாதாரண கர்ப்பத்திலேயே கூடிவிடும். திசுக்களுக்கு ரத்தம் போதாதபோது ஏறும் லாக்டேட் சரியாக இருந்தது. ஆனால் குடல் கெடத் தொடங்கிய பிறகே அது ஏறும் என்பதால் அதை வைத்து நிம்மதியடைய முடியாது. ரத்த ஓட்டத்தைப் பார்க்கும் டாப்ளர் ஸ்கேன் செய்தார்கள். குடலில் நிறைந்திருந்த காற்று மறைத்ததால் பார்க்க வேண்டிய சிரை சரியாகத் தெரியவில்லை.

அப்போதுதான் சிடி என்றார்கள். மருந்து ஏற்றி எடுக்கும் சிடி. நான் "வேண்டாம்" என்றேன். அவரும் "குழந்தைக்கு ஏதாவது ஆயிடுச்சுன்னா?" என்று கேட்டார். ஒரு மணி நேரத்துக்கு மேல் கையெழுத்துப் போடாமல் இருந்தோம். அந்த ஒரு மணி நேரத்துக்கு நானே பொறுப்பு.

ரேடியாலஜி டாக்டர் அவரே எழுந்து வந்தார். பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து சொன்னார். வயிற்றுக்கு ஒருமுறை எடுக்கும் சிடியில் குழந்தைக்குப் போகும் கதிர்வீச்சு வழக்கமாக 50 மில்லிகிரேவுக்குள் அடங்கும். அந்த அளவுக்குக் கீழ் குழந்தைக்குப் பிறவிக் குறையோ கருச்சிதைவோ கூடியதாகத் தெரியவில்லை. பின்னாளில் புற்றுநோய் வரும் வாய்ப்பு மிகச் சிறிய அளவு கூடலாம், அதை மறைக்க மாட்டேன் என்றார். கதிர்வீச்சு இல்லாத எம்ஆர்ஐ எடுக்கலாமா என்று கேட்டேன். நேரம் இருந்தால் அது நல்ல வழிதான், ஆனால் அதற்கு நேரம் பிடிக்கும், வலியில் நீங்கள் அசையாமல் படுக்கவும் முடியாது என்றார். கடைசியாக அவர் சொன்னது அப்படியே நினைவிருக்கிறது. "யோசிக்கிறதுக்கு உங்களுக்கு உரிமை இருக்கும்மா. ஆனா உங்க குடலுக்கு அந்த நேரம் இருக்கான்னு எனக்குத் தெரியலை. நீங்க இருந்தாத்தான் குழந்தை இருக்கும்." கையெழுத்துப் போட்டேன்.

சிறுகுடலின் ரத்தத்தைச் சேகரித்துக் கல்லீரலுக்குக் கொண்டுபோகும் சிரையில் நீளமாக ஒரு ரத்த உறைவு. கல்லீரல் வாசல் வரை அது எட்டியிருந்தது. குடலின் ஒரு பகுதி வீங்கியிருந்தது. நடப்பது என்னவென்றால், தமனி வழியாக ரத்தம் உள்ளே வந்துகொண்டே இருக்கும், சிரை அடைத்திருப்பதால் வெளியே போக வழி இருக்காது. குடல் சுவர் ஊறி வீங்கும். வீக்கம் முற்றினால் உள்ளே வரும் ரத்தமும் தடைப்படும், அந்தப் பகுதி சாகும். தமனி திடீரென்று அடைத்தால் சில மணி நேரத்தில் ஆளைச் சாய்த்துவிடும். சிரை அடைப்பு நாட்கணக்கில் மெல்ல வளரும். அதனால்தான் ஐந்து நாளும் நான் நடமாடிக்கொண்டே இருந்தேன்.

கர்ப்பத்தில் இது ஏன் வருகிறது என்று பிறகு ஒரு டாக்டர் விளக்கினார். பிரசவத்தில் ரத்தப்போக்கு கட்டுக்குள் நிற்க வேண்டும் என்பதற்காக உடம்பு மாதக்கணக்கில் தயாராகிறது. உறைய வைக்கும் பொருட்கள் ரத்தத்தில் கூடுகின்றன. உறைவைத் தடுக்கும் புரதம் எஸ் குறைகிறது. உறைந்ததைக் கரைக்கும் திறனும் மந்தமாகிறது. வளரும் கருப்பை சிரைகளை அழுத்துவதால் ரத்தம் தேங்குகிறது. இதனால் கர்ப்பிணிக்கு ரத்த உறைவு வரும் வாய்ப்பு மற்ற நேரத்தைவிட நாலைந்து மடங்கு கூடுதல். இதோடு வேறு ஏதாவது சேரும்போதுதான் சிக்கல்: கடும் வாந்தியால் நீர்வறட்சி, நாட்கணக்கில் படுக்கை, உடல் பருமன், 35 வயதுக்கு மேல் கர்ப்பம், செயற்கைக் கருத்தரிப்பு, அல்லது பரம்பரையாக ரத்தத்திலேயே உள்ள உறையும் தன்மை.

அன்று ராத்திரியே ஹெப்பாரின் என்ற, ரத்தம் மேலும் உறையாமல் தடுக்கும் மருந்தை ஏற்றத் தொடங்கினார்கள். அது நஞ்சுக்கொடியைத் தாண்டி குழந்தையிடம் போவதில்லை. பலருக்கு இதிலேயே சரியாகிவிடுமாம், கத்தி வைக்கத் தேவைப்படாது. எனக்கு அப்படி அமையவில்லை. ஞாயிறு விடியற்காலை காய்ச்சல் வந்தது, வயிறு பலகை போல இறுகியது. மலத்தில் ரத்தம். உடனே அறுவை. குழந்தைக்குப் போகும் ரத்தம் குறையாமலிருக்க என்னை இடப்பக்கம் லேசாகச் சாய்த்துப் படுக்க வைத்தது வரை நினைவிருக்கிறது. 22 வாரக் குழந்தை வெளியே வந்தால் பிழைப்பது மிகக் கடினம் என்பதையும் முன்பே சொல்லியிருந்தார்கள்.

கருத்துப் போன சிறுகுடலில் 70 சென்டிமீட்டர் எடுத்தார்கள். உடனே இணைக்கவில்லை. இரண்டு நாள் கழித்து மறுபடி திறந்து, மிச்சக் குடல் உயிரோடு இருப்பதைப் பார்த்த பிறகே முனைகளைச் சேர்த்துத் தைத்தார்கள். சிறுகுடல் பல மீட்டர் நீளம் என்பதால் இவ்வளவு போனதில் பெரிய இழப்பில்லை. மீதி 2 மீட்டருக்குக் கீழே போயிருந்தால் சத்து உறிஞ்சுவதே பாடாகியிருக்கும். ஐசியுவில் கண் விழித்ததும் நர்ஸ் கேட்காமலே குழந்தையின் இதயத் துடிப்பைக் கருவியில் போட்டுக் காட்டினார். அந்தச் சத்தத்தைப் பற்றி எழுத எனக்கு வார்த்தை வராது.

இதற்கு நடுவில் சனிக்கிழமை நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். ரத்தவியல் டாக்டர் அம்மாவைக் கூப்பிட்டுக் கேட்டார். "உங்க குடும்பத்துல யாருக்காவது ரத்தக்கட்டி வந்திருக்கா?" அம்மா "இல்லைங்க" என்றார். டாக்டர் விடவில்லை. "சரி, யாருக்காவது கால் ஒரு பக்கமா வீங்கி ரொம்ப நாள் வலிச்சிருக்கா? யாராவது திடீர்னு மூச்சுத் திணறிப் போயிருக்காங்களா? கரு தொடர்ந்து கலைஞ்சிருக்கா?"

"எனக்குத்தான் டாக்டர். இவ தம்பி பிறந்தப்போ இடது கால் தூண் மாதிரி வீங்கிச்சு. ரெண்டு மாசம் படுத்தே கிடந்தேன். நீர் இறங்கியிருக்குன்னு சொன்னாங்க."

அம்மாவின் அந்தக் கால் இன்றும் மற்றதைவிடத் தடிமன்தான். சின்ன வயதிலிருந்து பார்த்து வந்த கால். கர்ப்பம் உறுதியானதும் பூர்த்தி செய்த படிவத்தில் குடும்பத்தில் சர்க்கரை உண்டா, ரத்த அழுத்தம் உண்டா என்று கேட்டிருந்தார்கள், எழுதினேன். காலைப் பற்றி எழுத வேண்டும் என்று எனக்கு எப்படித் தெரியும்? ரத்தக்கட்டி என்ற பேரில் எந்தக் குடும்பத்திலும் அந்தக் கதை இருக்காது. கால் வீக்கம், பிரசவத்துக்குப் பிறகு நீர், திடீர் மாரடைப்பு என்று வேறு பேர்களில்தான் இருக்கும். அந்த டாக்டர் கேட்ட மாதிரிதான் அம்மாக்களிடம் கேட்க வேண்டும், முதல் செக்கப்புக்கு முன்பே.

மிச்சக் கர்ப்பம் முழுவதும் ஊசி. உடல் எடைக்குத் தகுந்த அளவில் எனாக்ஸபாரின் (ஹெப்பாரினில் ஒரு வகை), காலை ஒன்று, இரவு ஒன்று, நானே போட்டுக்கொண்டேன். தொப்புளை விட்டுத் தள்ளி வயிற்றின் பக்கவாட்டில், தோலை விரலால் மடித்துப் பிடித்து, ஊசியை நேராக இறக்கி, எடுத்த பிறகு தேய்க்காமல் விட வேண்டும். தேய்த்தால் நீலம் பாரிக்கும். வயிறு பெரிதாகப் பெரிதாக, குழந்தைக்குக் குத்திவிடுமோ என்று பயமாக இருந்தது. தோலடிக் கொழுப்பைத் தாண்டி அது போகாது. எடை கூடக் கூட அளவை மாற்றினார்கள், தட்டணுக்களை அவ்வப்போது பார்த்தார்கள். ரத்த உறைவைத் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை குழந்தையைப் பாதிக்கும் என்பதால் கர்ப்பத்தில் தரவில்லை. பிரசவத்துக்குப் பிறகு மாற்றிக்கொண்டேன். தாய்ப்பால் கொடுக்க அது தடையில்லை.

பிரசவத் தேதியைத் திட்டமிட்டே வைத்தார்கள். ஊசி போட்டு 24 மணி நேரம் ஆகியிருந்தால்தான் முதுகுத்தண்டில் மயக்க மருந்து கொடுப்பார்கள். எதிர்பாராமல் முன்னதாக வலி வந்தால் அடுத்த ஊசியைப் போடாமல் நேராக வந்துவிட வேண்டும், கடைசி ஊசி எத்தனை மணிக்கு என்று வாசலிலேயே சொல்ல வேண்டும் என்றார்கள். அந்த நேரத்தைத் தினமும் போனில் குறித்து வைத்தேன். 38-வது வாரத்தில் மகள் பிறந்தாள்.

அப்போது பக்கத்துக் கட்டிலில் ஒரு பெண். சிசேரியன் ஆகி ஐந்தாம் நாள். வலப்பக்க அடிவயிற்றில் வலி, ஆன்டிபயாட்டிக் போட்டும் காய்ச்சல் விடவில்லை. தையலில் சீழ் என்றார்கள், குடல்வால் என்றார்கள். சிடி எடுத்தபோது சினைப்பைச் சிரையில் ரத்த உறைவு. பிரசவத்துக்குப் பிறகு வயிற்றுக்குள் வருவது பெரும்பாலும் இந்த வகைதான், அதிலும் வலப்பக்கம். ஹெப்பாரினில் தேறிவிட்டார். குழந்தை பிறந்ததும் ஆபத்து முடிந்தது என்று நாமெல்லாம் நினைக்கிறோம். ரத்தம் உறைவதைப் பொறுத்தவரை பிரசவத்துக்குப் பின் வரும் முதல் ஆறு வாரம்தான் கர்ப்பத்தைவிட அபாயமானது. அந்த நாட்களில் அம்மாவுக்குக் காய்ச்சலும் வயிற்று வலியும் என்றால் "பச்ச உடம்பு, அப்படித்தான் இருக்கும்" என்று யாரும் சொல்ல வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்கிறேன். வலது விலாவுக்குக் கீழ் வலியோடு வயிறு நீர் கோத்தது போல வீங்கினாலும் அப்படியே. கல்லீரலின் சிரைகள் அடைத்தால் அந்த மாதிரி இருக்கும்.

பரம்பரைப் பரிசோதனையில் ஒரு தெளிவு வேண்டும். கர்ப்பத்தில் புரதம் எஸ் எல்லோருக்கும் குறையும் என்பதால் அப்போது எடுத்தால் தவறான முடிவு வரும். வார்ஃபரினும் அதைக் குறைத்துக் காட்டும். குழந்தை பிறந்து பல மாதங்கள் கழித்து, மாத்திரையை டாக்டர் சொன்னபடி மாற்றிக்கொண்ட பிறகு எடுத்தார்கள். எனக்குக் குறைவு, அம்மாவுக்கும் குறைவு. ரத்தம் உறையத் தூண்டும் ஆன்டிபாஸ்போலிப்பிட் எதிர்ப்பொருட்களை 12 வார இடைவெளியில் இரண்டு முறை பார்த்தார்கள், இல்லை. வயிற்றுச் சிரைகளில் உறைவு வந்தால் எலும்பு மஜ்ஜைக் கோளாறு ஒன்று ஒளிந்திருக்கலாம் என்று ஜாக்2 என்ற மரபணுவையும் சோதித்தார்கள், அதுவும் இல்லை. ஈஸ்ட்ரோஜன் உள்ள கருத்தடை மாத்திரை எனக்கு இனி கிடையாது. இன்னொரு குழந்தை என்றால் உறுதியான நாளிலிருந்தே மருந்து பற்றிப் பேச வந்துவிட வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்.

மகளுக்கு இந்தப் புரதக் குறைவு வந்திருக்க இரண்டில் ஒரு பங்கு வாய்ப்பு. இப்போது சோதிக்க வேண்டாம், பெரியவளானதும் பார்க்கலாம் என்றார் டாக்டர். அவளுடைய தடுப்பூசி அட்டையின் உள்பக்கத்தில் நான் எழுதி வைத்திருக்கிறேன்: பாட்டிக்குக் காலில் ரத்த உறைவு, மாமா பிறந்தபோது. அம்மாவுக்குக் குடல் சிரையில், 22 வாரத்தில். புரதம் எஸ் குறைவு, இருவருக்கும்.